ஆறாம் கல்லும் முப்பதில் நின்ற முள்ளும்

யுத்தம் முடிந்த பிறகு எங்கள் பஸ்ஸுக்கு இரண்டு நல்ல காலம் ஒன்றாகப் பிறந்தது. ஒன்று பெட்ரோல், மற்றது டயர். அதுவரைக்கும் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நான் ஓட்டியது கரிவண்டி. பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைப் போட்டு மூட்டி, அந்தப் புகையில் ஓட்ட வேண்டும். ஏறக்குறைய ஆறு கல் போனதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் மைல் என்று யார் சொன்னார்கள், கல் என்றுதான் சொல்வோம். முள்ளக்காடு தாண்டி உப்பளத்து ஓரம் முள் அடர்ந்த ஓர் உடைமரம் நின்றது. அங்கே இறங்கிக் கம்பியால் கரியைக் கிண்டிவிட்டு, கண்ணெரிச்சல் தீர முகத்தைக் கழுவிக்கொண்டு புறப்படுவேன். தினமும் அங்கேயே நின்றதால் அதற்கு ஆறாம் கல் நிறுத்தம் என்றே பெயராகிவிட்டது.

பெட்ரோல் வந்ததும் கரி உருளையைக் கழற்றி எறிந்தோம். அதே வாரம் முதலாளி பட்டாள லாரி டயர்களை ஏலத்தில் எடுத்து வந்தார். பழைய டயரைவிட நாலு விரற்கடை உயரம். படிக்கட்டு எட்டாமல் பெண்கள் திட்டிக்கொண்டே ஏறினார்கள். நான் கவலைப்படவில்லை. வண்டி பறந்தது. பாதிப் பெருமையைப் பெட்ரோலுக்குக் கொடுத்துவிட்டு மீதியை நானே எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போனது. இன்ன பஸ், காயல்பட்டினத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியது, பதினொன்று நாற்பத்திரண்டுக்கே வந்து நிற்கிறது, டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறான் என்று எழுதியிருந்ததாம். பஸ்ஸுக்கு முப்பது மைல் வேகம்தான் சட்டம். ஏற்கெனவே ஒரு தடவை என் லைசென்ஸில் சிவப்பு மையால் எச்சரிக்கை எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சோதனைக்கு வருவதாகவும், வேகமோ ஸ்பீடாமீட்டரோ தப்பாக இருந்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவதாகவும் இன்ஸ்பெக்டர் தாக்கீது அனுப்பினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சத்தியமாக ஒரு நாளும் முள் முப்பதைத் தாண்டியதில்லை. எதிர்க் கம்பெனி டிரைவர்தான் எழுதியிருப்பான் என்று முடிவு கட்டி, பஸ் ஸ்டாண்டில் வைத்து அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் தனக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்று சொல்லிச் சிரித்தான். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால் நான் உப்பளத்தில் உப்பு வாரியவன். அந்தக் குதிகால் வெடிப்பு அப்போதும் முழுசாக ஆறியிருக்கவில்லை. லைசென்ஸ் போனால் மறுபடியும் அதே பாத்தியில்தான் இறங்க வேண்டும்.

எங்கள் ஷெட்டில் வண்டி பழுது பார்க்கிற பிட்டர் மணப்பாட்டுக்காரர், கப்பல் எஞ்சின் பார்த்த கை. வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தைக் காலால் தட்டினார்.

“முள்ளு பொய் சொல்லல லே. சக்கரந்தான் வளந்துட்டு” என்றார்.

ஸ்பீடாமீட்டருக்கு ரோடு தெரியாது, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மட்டும்தான் தெரியும் என்று விளக்கினார். சக்கரம் பெரிசானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதலாகப் போகும். முள் முப்பது என்று காட்டும்போது வண்டி அதற்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். பழைய டயரையும் புது டயரையும் சுற்றி நூல் பிடித்து அளந்து, முப்பத்துநாலு வரும் என்று கணக்குச் சொன்னார். உள்ளே இருக்கிற பல்சக்கரத்தை மாற்றுவதுதான் முறை, ஆனால் அது மெட்ராஸிலும் கிடைக்கவில்லை. அதனால் ஸ்பீடாமீட்டர் முகப்பில் வெள்ளைக் காகிதம் ஒட்டி எண்களைப் புதிதாக எழுதிவிடலாம் என்றார்.

நூலை நம்பி என் பிழைப்பை ஒப்படைக்க எனக்கு மனசில்லை. ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குச் செகண்டு காட்டும் கடிகாரம் வேண்டும். தினமும் என் பின்சீட்டில் வருகிற காயல்பட்டினத்து வியாபாரி ஒருவரிடம் அது இருந்தது. அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் காக்கா என்று கூப்பிடுவோம். கேட்டதும் கடிகாரத்தோடு தானும் வண்டியில் ஏறிக்கொண்டார். எனக்காக இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்து போனேன்.

ஐந்தாம் கல்லிலிருந்து ஆறாம் கல் வரை ரோடு வளைவில்லாமல் கிடக்கும். அந்த ஒரு கல் தூரத்தை இரண்டு நிமிஷத்தில் கடந்தால் வேகம் முப்பது. முள்ளை முப்பதில் பிடித்து ஓட்டினேன். காக்கா நேரம் சொன்னார். ஒன்றரை நிமிஷத்துக்கும் இரண்டு செகண்டு குறைவு. பிட்டர் காகிதத்தில் கணக்குப் போட்டு, நாற்பத்தொன்று என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. இத்தனை நாளும் நாற்பதுக்கு மேலேயா ஜனங்களைக் கொண்டுபோனேன்? மூன்று தடவை ஓட்டியும் அதே கணக்குத்தான் வந்தது. பிட்டர் மட்டும் நூல் தப்பாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“நூலு பெருசா, கவர்மெண்டு நட்ட கல்லு பெருசா?” என்று கத்திவிட்டேன்.

அவர் எனக்கென்ன என்று கல்லின் கணக்குப்படியே எழுதி ஒட்டினார். பழைய முப்பது இருந்த இடத்தில் நாற்பத்தொன்று வந்து உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கும் வளைவில்லாத ரோடுதான் தேவைப்பட்டது. அவரும் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் கடிகாரத்தைப் பிடித்தார். புது முகப்பில் முள்ளை முப்பதில் வைத்தேன். சரியாக இரண்டு நிமிஷம். இவ்வளவு சுத்தமான ஸ்பீடாமீட்டரை இந்த ஜில்லாவில் பார்த்ததில்லை என்று என் முதுகில் தட்டினார். இனி யாரும் இதைத் தொடக் கூடாது என்று கண்ணாடி விளிம்பில் ஈய முத்திரையும் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் பாயசம்.

மறுநாளிலிருந்து வண்டி நகரவில்லை. முள் முப்பதில்தான் இருந்தது, ஆனால் எதிர்க் கம்பெனி பஸ் தினமும் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டியது. பயணிகள் மறுபடியும் கரியா போடுகிறாய் என்று கேட்டார்கள். நான் முகப்பையும் முத்திரையையும் காட்டி வாயை அடைத்தேன். காக்காவுக்குத்தான் பாவம், பள்ளிவாசலில் கூடித் தொழுகிற மத்தியான லுஹர் ஜமாஅத் தினமும் தவறிப்போனது. அவர் ஜன்னல் வழியே எதையோ விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தார்.

ஒரு வாரம் கழித்து, உடைமரத்துப் பக்கம் போகும்போது முன்னால் வந்து என் தோளைத் தொட்டார்.

“தம்பி, எல்லா கல்லுக்கும் நடுவுல இருவத்துநாலு தந்திக்கம்பம். இந்த அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல இருவதுதான் இருக்கு. ஆறுக்கும் ஏழுக்கும் இருவத்தெட்டு. ஆறாம் கல்ல இங்கன நட்ட மடையன் யாரு? மேலிடத்துக்கு எழுதிப் போடுதேன்.”

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

யுத்த காலத்தில், கல்லைப் பார்த்து ஜப்பான்காரன் வழி கண்டுபிடித்துவிடுவான் என்று கடலோரத்து மைல்கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து திரும்ப நடும்போது குழியெல்லாம் தூர்ந்து கிடந்தது. ரோட்டு மேஸ்திரி என் பஸ்ஸை மறித்து, ஆறாம் கல் எங்கே இருந்தது, உனக்குத்தான் இந்த ரோடு அத்துப்படியாயிற்றே என்று கேட்டார். ஸ்டியரிங்கிலிருந்து கையைக்கூட எடுக்காமல் மோவாயால் உடைமரத்தைக் காட்டினேன். ஆறாம் கல் நிறுத்தம் அதுதானே? என் கரிவண்டிக்கு நாலு கம்பம் முந்தியே மூச்சு முட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அப்படியென்றால் பிட்டரின் நூல்தான் சரி, முத்திரை வைத்த முப்பது நிஜத்தில் வெறும் இருபத்தைந்து.

காக்கா எழுதினால் கல்லைப் பிடுங்குவார்கள். கல்லைப் பிடுங்கினால் இன்ஸ்பெக்டர் வருவார். அவர் வைத்த முத்திரையே தப்பென்றால் என் லைசென்ஸை விட்டு வைப்பாரா?

“எழுதாதீக காக்கா” என்றேன். “கல்லுக்கு எடம் காட்டுனது நான்தான்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார், மறுபடி பைக்குள் வைத்தார்.

“சீக்கிரமே போய் எறங்குனா வீட்டுல உலைகூடக் கொதிக்கல, தம்பி. அந்தக் கோவத்துல மொட்டைக் கடுதாசி எழுதுனது நான்தான். லைசென்ஸைக் கேப்பான்னு நெனைக்கல.”

கோபம் என் மூக்கு வரைக்கும் வந்தது. கல்லுக்கு இடம் காட்டியவன் அதை எப்படிக் காட்டுவது?

“சரி, வண்டிய எடு” என்றார்.

எடுத்தேன். முள் முப்பதில் போய் நின்றது. எதிர்க் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டியது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.