இறைவணக்கத்தில் உடைந்த குரல்

புனேயின் வாகட் சிக்னலில் என் டாக்ஸி வெகுநேரம் நின்றது. பின்சீட்டில் பி.எட். படிக்கும் பெண், தேர்வுக்காகத் தோழியிடம் போனில் தமிழில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "அந்த வயசுல பசங்களுக்குக் குரல் உடையும்டி. பேசும்போதே கீச்சுனு போயிடும்."

நான் ரேடியோவை அணைத்தேன்.

எங்கள் பள்ளியில் தினமும் இறைவணக்கம் பாடியவன் நான். எட்டாம் வகுப்பில் ஒரு காலை, உச்சத்தில் குரல் கீச்சிட்டது. மைதானமே சிரித்தது. தமிழய்யா பிரம்போடு வந்தார்.

"சாமி பாட்டுல கேலியாடா? மறுபடி பாடு!"

"வேணும்னு பண்ணலய்யா." அதுவும் கீச்சென்றே வந்தது.

"திமிரப் பாரு!"

பாடப் பாடக் குரல் உடைந்தது, உடைய உடைய அடி விழுந்தது. பிரம்பில் தடவியிருந்த விளக்கெண்ணெய் வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது. அன்று பள்ளி கேட்டைத் தாண்டியவன் ஊருக்கே திரும்பவில்லை. சூரத், நாசிக் என்று அலைந்து புனே வந்தேன்.

போன் ஸ்பீக்கரில் தோழி சொன்னாள்: "இது எக்ஸாம்ல வராதுடி, விட்டுடு."

"சரி, விட்டுடறேன்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. நான் வண்டியை எடுக்கவில்லை.

"அத விட்டுடாதீங்க மேடம்."

"அண்ணா, நீங்க தமிழா? ஏன், என்னாச்சு?"

"அது திமிர் இல்லன்னு எங்க தமிழய்யாவுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலம்மா."