மெழுகுக்குள் இருந்த ஸ்ரீஸ்கந்தராசா

செத்துப்போன புருசனை வீட்டைவிட்டு அனுப்பப் பல வருசமாகப் பாடுபட்டவள் தவமணி. போகிறாரில்லை அந்த மனுசன்.

புலம்பெயர்ந்து வந்த ஊரான மோர்னிங்சைட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை மேய்ப்பது அவளுக்கு வேலை. பாண் கரையைப் பிய்த்து எறிகிற வாண்டையும் ஒரே பார்வையில் தின்ன வைத்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், உள்ளே கால் வைக்காமல் வாசலில் நின்று காது கொடுப்பாள். நிலவறைக்கு இறங்குகிற பேஸ்மென்ற் படியில் ஆள் ஏறுகிற சத்தம் கேட்கும். அரைவாசியில் நின்றுவிடும். ஸ்ரீஸ்கந்தராசா குடல் புற்றுநோயோடு கிடந்த கடைசி மாதங்களில் அப்படித்தான் ஏறுவார், நடுப்படியில் மூச்சு வாங்குவார்.

மகள் துர்க்கா அதை, வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸின் சத்தம் என்பாள். கோடையில் எந்த ஃபேர்னஸடி படியேறுது என்று தாய் திருப்பிக் கேட்பாள். அந்தியேட்டி, துவசம் என்று செத்தவருக்குச் செய்கிற சடங்கு ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சாம்பலை ஏரியில் கரைத்தாயிற்று. பிறகும் என்ன மிச்சம்? தவமணிக்குப் பயம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். போங்கோ, நிம்மதியாய்ப் போய்ச் சேருங்கோ என்று படியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது.

இந்தப் பனிக்காலத்தில்தான் காரணம் பிடிபட்டது. அதாவது, பிடிபட்டதாக அவள் நினைத்தாள்.

துர்க்காவுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தகப்பனுக்கு வந்தது தனக்கும் வருமோ என்று விசாரிக்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். சில குடும்பங்களில் அது வழிவழியாக இறங்கும் என்றார்கள். தகப்பனின் கட்டியில் எது பிழையாய்ப் போனது என்று தெரிந்தால்தான் மகளின் இரத்தத்தில் எதைத் தேடுவதென்று திடமாகச் சொல்லலாமாம். நல்லகாலம், ஒப்பரேசனில் வெட்டிய சதையில் சின்னத் துண்டொன்று மெழுகில் பதித்தபடி பத்திரமாக இருக்கிறது. பரிசோதித்தால் அதுவும் தீர்ந்துபோகும். தாய் ஓம் என்றால் போதும்.

துர்க்கா ஓடிவந்து சொன்னாள். தவமணியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான், துண்டு. ஐயோ, மனுசனை முழுதாக எரிக்கவில்லையே! ஒரு துண்டு ஏதோ அலுமாரிக்குள் கிடந்து தவிக்கிறதே!

"அதை வாங்கி எரிக்கோணும். ரெஸ்ற் ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

கோயில் ஐயரிடம் போனாள். அப்படியொரு தோசமும் இல்லை, பிள்ளையின் காரியத்தைப் பாருங்கோ என்றார் அவர். அவருக்கென்ன, அவர் வீட்டுப் படியிலா ஏறுகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தாள். துர்க்கா கெஞ்சினாள், கத்தினாள். பிறகு ஒரு காலை, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

"செத்துப்போன அப்பாவுக்காக என்னைச் சாகவிடப் போறியளோ அம்மா?"

அதோடு வீட்டில் பேச்சு நின்றது. கடைசியில், ஒருக்கால் அவரைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு சொல்கிறேன் என்று தவமணி இறங்கி வந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் திசுக்களைப் பார்க்கிற டொக்டர், மயூரி என்றொரு தமிழ்ப்பிள்ளை. மெழுகிலிருந்து சீவி நிறமூட்டிய கண்ணாடித் தட்டொன்றை மைக்கிறஸ்கோப்பில் வைத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். தவமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். ஏதோ முகம் தெரியுமென்று நினைத்தாளோ என்னவோ. தெரிந்ததெல்லாம் ரோசா நிறத்துக்குள் ஊதாப் பொட்டுகள்.

ஒவ்வொன்றும் ஒரு கலம், ஒரு உயிரணு என்றாள் மயூரி. உயிருள்ள எதை எடுத்தாலும் அதன் ஆகச் சின்ன உயிர் இதுதான். தனக்கு வேண்டியதை உள்ளே எடுக்கும், வேண்டாததை வெளியே தள்ளும், வேளை வந்தால் இரண்டாகப் பிரியும். நடுவில் இருக்கிற பொட்டுத்தான் கரு. எப்படி இருக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளையெல்லாம் அதற்குள். தவமணி இன்னும் குனிந்து பார்த்தாள். ஒரு பக்கத்தில் கலங்கள் சாப்பாட்டு மணிக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நின்றன. மற்றப் பக்கத்தில் கரு வீங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிபட்டன.

"பிள்ளை, இதில அவர் எது, அவரைக் கொண்டுபோன வருத்தம் எது?"

மயூரி தட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். "ரெண்டும் அங்கிள்தான் அன்ரி. வெளியால இருந்து ஒண்டும் வரேல்லை. அவரின்ர கலந்தான் நிப்பாட்டத் தெரியாமல் பெருகினது."

இத்தனை வருசமும் அந்த நோயை, வீடு புகுந்த கள்ளனைத் திட்டுவதுபோல் திட்டித் தீர்த்தவள் தவமணி. இப்போது யாரைத் திட்டுவது? இதை எரித்தால் அவர் முழுக்கப் போய்விடுவார்தானே என்று மெல்லக் கேட்டாள்.

பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் மயூரி அதைச் சொன்னாள். துர்க்கா தொடங்கியதே ஒற்றைக் கலத்தில்தான். அந்தக் கட்டளையில் பாதி தாயினது, பாதி தகப்பனுடையது. அது பிரிந்து பிரிந்துதான் இன்றைக்கு இந்தப் பெரிய பிள்ளை. "அவவின்ர உடம்பு முழுக்க அங்கிள் இருக்கிறார் அன்ரி. அவரை எப்பிடி எரிக்கிறது?"

தவமணி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டாள்.

வெளியே காத்திருந்த மகளிடம், அந்தத் துண்டை ரெஸ்ற்றுக்கு எடுக்கச் சொல்லு, முழுக்க எடுக்கட்டும் என்றாள். துர்க்கா தாயைக் கட்டிப்பிடித்து விம்மினாள். முதுகைத் தடவிய தவமணியின் கை, பாதியில் நின்றது. இந்த உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறாரோ அவர். வரிசையில் நிற்கிறாரோ, நெரிபடுகிறாரோ.

கார்க் கண்ணாடியில் பனி இறுகிப்போயிருந்தது. தாயை உள்ளே இருத்தி ஹீற்றரைப் போட்டுவிட்டு, துர்க்கா வெளியில் நின்று சுரண்டினாள். வெள்ளைக்குள்ளிருந்து மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. அதே நெற்றி, அதே மூக்கு. எத்தனை நாள் பார்த்த முகம். இன்றைக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

பக்கத்துச் சீற் காலியாக இருந்தது. தவமணி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள் மெதுவாக. "நான் இனிப் போகச் சொல்லமாட்டன். அந்த வீட்டில என்னோடயே இருங்கோ. பிள்ளையிட்டை மட்டும் போகாதேங்கோ."