மகளின் முட்டியும் என் ஸ்கேலும்

கும்மிடிப்பூண்டியில் பைக் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அளக்காமல் கீழே வைக்க மாட்டேன். இந்தப் புத்தி கம்பெனி வாசலோடு நின்றிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை.

மகளுக்கு அப்போது நான்கு வயது. கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அவள் ஓடுவதை, என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, பொண்ணு முட்டி தட்டிக்கினு ஓடுது? கவனிக்கலியா நீ?"

கவனிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது! சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் மகளைச் சுவரோரம் நிற்க வைத்தேன். முட்டிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கணுக்கால்கள் சண்டை போட்டவர்கள் மாதிரி தள்ளி நின்றன. நடுவில் ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். ஆறு சென்டிமீட்டர்.

மறுநாளிலிருந்து தினமும் பல் தேய்த்ததும் அளவு. காலண்டர் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் எழுதி, கிழித்துப் பத்திரப்படுத்துவேன். ஆறு. ஆறரை. ஆறு. அளவு கூடிய நாளில் எனக்கு இட்லி இறங்காது.

"அவ இன்னா உங்க கம்பெனி கம்பியா? தெனம் அளந்துக்கினே கீற?" என்றார் கணவர்.

"உங்களுக்கு இன்னா தெரியும்? நாளைக்கு அவ நடக்க முடியாம பூட்டா?" என்று எகிறினேன். பயம்தான் கோபமாக வந்தது.

இரண்டே வாரத்தில் அளவு குறைய ஆரம்பித்தது. ஐந்து. நாலரை. ஒருநாள் மூன்று! கேசரி கிண்டினேன். எல்லாம் நான் தேய்த்துவிட்ட நல்லெண்ணெயின் மகிமை என்று பக்கத்து வீட்டிலும் பீற்றிக்கொண்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது இவள் வாசற்படியில் உட்கார்ந்தே இருந்தாள். அது ஸ்கேலில் வராத விஷயம் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

காலண்டர் தாள் கத்தையோடு திருவள்ளூரில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். அந்த அம்மா தாள்களைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். மகளைப் படுக்க வைத்து, முட்டிகளை லேசாகச் சேர்த்து அளந்தார். ஆறு.

"காலையிலகூட மூணுதான் மேடம்!" என்றேன். எங்கள் கம்பெனியில் அளவு இப்படித் தாறுமாறாக வந்தால் முதலில் அளந்தவரைத்தான் பிடிப்பார்கள்.

"வீட்ல எப்படி நிப்பே? காட்டு பாக்கலாம்" என்றார் மருத்துவர்.

மகள் இறங்கி நின்றாள். முட்டிகளை வெளிப்பக்கம் வளைத்து, பாதங்களை நெருக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தொடை நடுங்கியது.

"ஏன் கண்ணு இப்படி நிக்கிற?"

"முட்டி தட்டுனா அம்மா மூஞ்சி ஒரு மாரி ஆயிடும். ஓடுனா ரொம்பத் தட்டும். அதான் ஓட்றதில்ல."

எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மூணு நாலு வயசுல நிறையப் பிள்ளைங்களுக்கு இப்படித்தாம்மா இருக்கும்" என்றார் மருத்துவர். "ஏழு வயசுக்குள்ள பெரும்பாலும் தானா நேராயிடும். கட்டு, ஸ்பெஷல் ஷூ, எண்ணெய் எதுவும் வேணாம். ஒரு கால் மட்டும் வளைஞ்சாலோ, வலிச்சாலோ, நொண்டினாலோ உடனே வாங்க. இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு நானே அளக்கறேன். ஸ்கேல் கம்பெனியிலேயே இருக்கட்டும். பிள்ளைய ஓட விடுங்க."

அன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். மகள் படியிலிருந்து எழுந்தாள், உடனே ஓடவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் அளந்தபோதெல்லாம் அவளும் என்னை அளந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

சிரித்தேன். முட்டி இரண்டும் தட்டத் தட்ட, தெருமுனை வரைக்கும் ஓடினாள்.