அசையாமல் நின்ற நான்கு நிமிடம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் என் அக்காவுக்குச் 'சூறாவளி' என்று பெயர். அடித்தளத்தில் இருக்கிற ஆறு சலவை மெஷின்களுக்கும் அவள்தான் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக நான் அவளுக்குக் கீழே போர்வை மடிக்கிறேன். ஒருநாளும் அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பாள். கூட நிற்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

ரேடியோ என்றால் அவளுக்கு உயிர். பழைய பெட்டியை இரைச்சல் குறைகிற பக்கமாக நகர்த்திக்கொண்டே போய் எந்த நிலையத்தையும் பிடித்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் மகளுக்கு வானொலியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் செய்தி வாசிப்பு. அந்த நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்பில் மட்டும்தான் வரும் என்றதும் அக்கா அன்றைக்கே புதுப் பெட்டி வாங்கிவிட்டாள். எங்களுக்குக் காலை ஆறு மணிக்கே வேலை. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பதிவு செய்து பிறகு கேட்கலாமே என்றேன். முதல் தடவை ஒரு தடவைதான் வரும் என்று முறைத்தாள்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வீட்டில் நன்றாகப் பாடிய பெட்டி, அடித்தளத்தில் வாயே திறக்கவில்லை. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினாள்.

"இரைச்சலாவது வரணும்ல? இது செத்த பொட்டி," என்று மேஜையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. பல வார்டுத் துணிகளை ஒரே மெஷினில் போட்டு, துணியில் இருக்கிற வார்டு எண்ணைப் பார்த்துப் பிரித்து அனுப்புகிறோமே, அதைப் போலப் பல நிலையங்களின் ஒலியை எண்களாக்கி ஒரே அலையில் சேர்த்து அனுப்புகிறார்கள். பெட்டி அந்த எண்களைப் பொறுக்கிச் சேர்க்கிறது. போதுமான அளவு கிடைத்தால் குரல் தெளிவாக வரும், குறைந்தால் மௌனம்தான். அரைகுறை இரைச்சல் என்ற பேச்சே கிடையாது. அலை குறைவாக வருகிற இடத்தில் ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்து, மறுபடி நிலையங்களைத் தேடச் சொல்லி, சில விநாடி பொறுக்க வேண்டும். அக்காவுக்கு வராத ஒரே வேலை அதுதான்!

திங்கட்கிழமை ஆறு ஐம்பதுக்கு அவளை உலர்த்தும் அறைக்கு இழுத்துப்போனேன். அங்கே மட்டும்தான் வானம் தெரிகிற சின்ன ஜன்னல் உண்டு. படுத்துக் கிடந்த ஆன்டெனாவை நிமிர்த்தினேன், தேடும் பொத்தானை அழுத்தினேன். பெட்டியை வைக்க இடமில்லாததால் ஜன்னல் உயரத்துக்கு அக்கா தூக்கிப் பிடித்தாள். பிடித்தவள் உடனே இடமும் வலமும் ஆட்ட ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, ஒரு இடத்துல நில்லு. நீ நகர நகர அதுக்கு எண்ணு கிடைக்காம போகுது."

அவளிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் முறை. அவள் நின்றாள். மனதுக்குள் ஒன்பது வரை எண்ணினேன். சின்னத் திரையில் பதினோரு நிலையங்கள் வரிசையாக வந்தன. அக்கா மகளின் நிலையத்தைத் தொட்டேன்.

ஏழு மணி. துளி இரைச்சல் இல்லை. அவ்வளவு சுத்தமாக வந்ததால், வாசிப்பதற்கு முன் மகள் மூச்சை இழுத்ததுகூடக் கேட்டது.

"பயப்படுறா. பள்ளிக்கூடத்துல பாட எந்திரிச்சா இப்படித்தான் மூச்சு வாங்குவா," என்றாள் அக்கா.

நான்கு நிமிடச் செய்தியை மகள் தடுமாறாமல் வாசித்தாள். நடுவில் மூன்றாம் மெஷின் துவைத்து முடித்துக் கூவியது. வழக்கமாக இரண்டாவது கூவலுக்குள் அக்கா அங்கே இருப்பாள்.

"நீ போ," என்றாள், உதடு அசையாமல்.

போய்த் துணியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அக்கா அதே இடத்தில், பெட்டியை ஏந்தியபடி நின்றாள். கண்ணீர் கழுத்து வரை இறங்கியிருந்தது. துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.