எடைமேடையில் ஏறிய மேஸ்திரி

எங்கள் மரவாடியின் வாசலில் உள்ள எடைமேடையை இருபத்திரண்டு வருடமாக ஒரே ஆள்தான் பார்த்துக்கொள்கிறார். எல்லோருக்கும் அவர் எடையக்கா. லாரி மேடையில் ஏறியதும் அவருடைய அறைக்குள் சிவப்பு எண்கள் துள்ளும். அவை அசையாமல் நிற்கும்வரை அவர் பொத்தானைத் தொடமாட்டார். பின்னால் பத்து லாரி ஹாரன் அடித்தாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி. "லாரி நின்னுடுச்சு, எண் இன்னும் நிக்கல" என்பார். அதைக் கேட்டு எரிச்சல்படாத டிரைவர் கிடையாது. அவர் போட்ட எடையைச் சந்தேகப்பட்டவரும் கிடையாது.

மழை ஓய்ந்த ஒரு காலையில், வந்து நின்ற லாரியின் கட்டைகளுக்கு நடுவே ஒரு நாய்க்குட்டி கிடைத்தது. கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தாய் எந்த ஊரில் தேடிக்கொண்டிருந்ததோ. டிரைவர் வேடிக்கைக்காக அதை மேடையில் வைத்து எடை கேட்டார். அந்தப் பெரிய மேடை ஐந்தாறு கிலோவையெல்லாம் கண்டுகொள்ளாது. எண் பூஜ்யத்திலேயே கிடந்தது. அன்றைக்கே குட்டிக்கு சைபர் என்று பெயர் விழுந்துவிட்டது.

எடையக்கா அதை வீட்டுக்குத்தான் எடுத்துப்போனார். இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணிக்கோ பல வருடமாக இழுப்பு. நான்காம் நாள் அண்ணி மூச்சுக்குத் தவித்து உட்கார்ந்துவிட்டார். "உன் நாய் மேல எனக்குக் கோபம் இல்லம்மா. என் நெஞ்சுக்குத்தான் கோபம்" என்றார். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. சைபர் எடையறைக்கே திரும்பியது. மேசையின் கீழ் இழுப்பறையில் மரத்தூள் பரப்பி, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டி, அக்கா அதை வளர்த்தார். பல் முளைத்ததும் அது கையைக் கடித்தது. அவர் தடித்த தோல் கையுறை மாட்டிக்கொண்டார். கடித்தால் பிறருக்கு வலிக்கும் என்பது சைபருக்குத் தெரியாமலே போனது அதனால்தான்.

வாடியில் ஏற்கனவே மூன்று நாய்கள். மூத்தது மேஸ்திரி. ஒரு காது கிழிந்திருக்கும். மாட்டெலும்பை இரண்டே கடியில் உடைக்கும். மற்ற இரண்டும் அதன் முகம் பார்த்து நடப்பவை. சைபர் வளர்ந்தால் இவற்றோடுதான் வாழ வேண்டும். குட்டிக்குத் தடுப்பூசி போட்ட கால்நடை டாக்டரும் அதையே சொன்னார்: மூன்று மாதத்துக்குள் மற்ற நாய்களோடு பழகாவிட்டால் பிறகு பழக்குவது பெரும்பாடு.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். காலடியில் இரும்பு லேசாக அசைவதால் நாய்கள் எதுவும் எடைமேடையில் ஏறாது. ஆகவே மதியம் லாரி வராத நேரத்தில் குட்டியை மேடையின் நடுவே விட்டார். மூன்றும் விளிம்பில் நின்று பார்க்கும். பார்த்துப் பார்த்தே பழகிவிடும் என்று நினைத்தார். ஏதாவது ஒன்று உறுமினால் ஓடிப்போய்க் குட்டியைத் தூக்கிக்கொள்வார்.

இரண்டு வாரத்தில் சைபருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. மேடையில் நின்றபடி மூன்றையும் பார்த்துக் குரைத்தது. ஒருநாள் கீழே இறங்கி, மூன்றில் ஒன்றான, படுத்திருந்த பழுப்பு நாயின் வாலைக் கையுறையைக் கடிப்பதுபோலக் கடித்துவிட்டது. அது குட்டியைக் கவிழ்த்து அமுக்கியது. அக்கா பாய்ந்து தூக்கினார். அதன்பின் எந்த நாயின் நிழல் தெரிந்தாலும் சைபர் பல்லைக் காட்டியது, அவையும் காட்டின.

சண்டை வாடிக்கு ஆகாது என்று முதலாளி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை போகும் லாரியில் தூரத்துத் தோட்டம் ஒன்றுக்குக் குட்டியை அனுப்புவதாக ஏற்பாடு. அன்று செவ்வாய். அக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எடைக்குக் காத்திருந்த டிரைவர் ஒருவர் ஜன்னலில் கையூன்றிக் கேட்டார்: "எங்க லாரி ஆடி அடங்குற வரைக்கும் ஒருத்தரையும் விடமாட்டீங்க. குட்டியை மட்டும் ஏன்க்கா ஆடும்போதே தூக்கிடுறீங்க?"

கிண்டலாகத்தான் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை.

மறுநாள் மதியம் குட்டியை மேடையில் விட்டு, அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டார். ஓடிவிடாமல் இருக்கத் தனக்குத்தானே போட்ட தாழ் அது. எண் பூஜ்யம்.

மற்ற இரண்டும் தள்ளி நின்றன. மேஸ்திரி முன்னங்காலை இரும்பில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு ஏறியது. இத்தனை வருடத்தில் ஏறாத நாய். இருபது, நாற்பது, முப்பது என்று எண் குதித்தது. மேஸ்திரி குட்டியை நெருங்கவில்லை. பாதி வழியில் பக்கவாட்டில் படுத்து, தலையையும் தரையோடு சாய்த்துக்கொண்டது. அவ்வளவு பெரிய உடம்பு அந்தக் குட்டியைவிடத் தாழ்ந்து கிடந்தது.

பல்லைக் காட்டிக்கொண்டிருந்த சைபர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து, கிழிந்த காதைக் கடித்தது. பலமாகத்தான் கடித்தது.

மேஸ்திரி வாயைத் திறந்து குட்டியின் முகம் முழுவதையும் உள்ளே வாங்கியது. சைபர் அலறியது. அக்காவின் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. எண் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

வாய் திறந்தது. குட்டியின் முகத்தில் எச்சில் ஈரம் மட்டும். ஒரு கீறல் இல்லை. எலும்பை உடைக்கும் அந்தத் தாடை, முட்டை ஓடு போன்ற மண்டையை எந்த அளவில் பிடித்தது, எந்த அளவில் விட்டது? டன் கணக்கில் நிறுத்துப் பழகிய எங்களிடம் அதை நிறுக்க ஒன்றுமே இல்லை. ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்து நாங்கள் எல்லோரும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சைபர் சற்று நேரம் விலகி உட்கார்ந்திருந்தது. பிறகு திரும்பி வந்து அதே காதைக் கவ்வியது, இந்த முறை மெதுவாக. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டது. கடியின் அளவை ஒரே தடவையில், ஒரு சொல்லும் இல்லாமல், அது சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தது.

வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அக்கா ஜன்னல் வழியே உள்ளங்கையைக் காட்டினார். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினை அணைத்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளியும் பார்த்தார். யாரிடம் என்றில்லாமல், "வெள்ளிக்கிழமை லாரியில இடம் இல்லைன்னு சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேஸ்திரியின் வயிற்றில் சாய்ந்து சைபர் தூங்கியிருந்தது. அறைக்குள் முப்பது என்ற எண் எப்போதோ அசையாமல் நின்றுவிட்டது.

டிரைவர் கீழே இறங்கி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, இப்பவாவது வண்டியை ஏத்தலாமா?"

அக்கா எண்ணைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார்.

"இன்னும் நிக்கல" என்றார்.