இந்த வருசம் மட்டும் போதும்

போன வாரம் எங்கள் வீட்டு டப்பா கத்த ஆரம்பித்தது.

டப்பா என்றால் தகர டப்பா இல்லை. ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி வைக்கிற ஸ்டோரேஜ் பெட்டி. போனிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ எதை வேண்டுமானாலும் அதற்குள் போடலாம், எடுக்கலாம். சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்கிற என் அண்ணனின் மொத்தப் பிழைப்பும் அதற்குள்தான். அது 'பீப்… பீப்…' என்று கத்தினால் டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம்.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பின்னே? புது டப்பா வாங்க ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

வந்தது. பழசு, புதுசு இரண்டையும் ஒரே ரௌட்டரில் செருகினேன். என் கம்ப்யூட்டரில் இரண்டும் இரண்டு டிரைவாகத் தெரிந்தன. இதிலிருந்து அள்ளி அதில் போட்டேன். ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்றது திரை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "ஏலே, ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தான இருக்கு? இங்கன இருந்து அங்கன போக ஒரு நாளா?"

நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வொரு ஃபைலும் முதலில் என் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டுத்தான் அந்த டப்பாவுக்குப் போகிறது. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிறவர் மதுரைக்குப் போய்த் திரும்பி வருகிற மாதிரி! கம்ப்யூட்டரை நடுவில் இழுக்காமல், டப்பாவிலிருந்து டப்பாவுக்கு நேராக அனுப்பவும் வழி உண்டு. கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டும். அது இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

லோடைக் குறைத்துவிடலாம் என்று தோன்றியது.

டப்பாவில் வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் 'டிசைன்', 'ஆர்டர்', 'வீடு' என்று மூன்று பிரிவு. 'வீடு' என்பது பெரும்பாலும் மதினியின் படங்கள்.

மதினி, அண்ணனின் மனைவி, மல்லாங்கிணற்றுக்காரர். கல்யாணப் பெண்களின் பிளவுஸில் ஆரி வேலை செய்கிறார். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியால் மணியும் ஜரிகையும் கோத்து மயிலும் தாமரையும் கொண்டுவருகிற வேலை. முடித்த பிளவுஸ் சொந்தக்காரியோடு போய்விடும். மதினிக்கு மிஞ்சுவது போட்டோ மட்டும்தான். மதுரையில் ஒரு பயிற்சி மையத்தில் ஆரி வேலை சொல்லித்தர டீச்சர் தேடினார்கள். 'இந்த ஒரு வருஷம் செய்ததையெல்லாம் படமாகக் கொண்டு வாங்க, திங்கட்கிழமை நேர்முகம்' என்று கூப்பிட்டிருந்தார்கள். மதினியின் வாழ்க்கையில் முதல் நேர்முகம்.

மாடியிலிருந்து குரல் கொடுத்தேன். "எல்லாத்தையும் ஏத்தணுமா, இந்த வருசம் மட்டும் போதுமா?"

"இந்த வருசம் மட்டும் போதும்ல. போன வருசத்த வச்சு என்ன செய்ய, ஊறுகாயா போடப் போறோம்?" இது அண்ணன்.

"எனக்கும் இந்த வருசம் மட்டும் போதும் தம்பி. அதுக்கு முந்தி பண்ணுனதெல்லாம் கோணமாணலா இருக்கும்." இது மதினி.

ஆஹா, குடும்பத்தில் என்ன ஒற்றுமை! அடுத்த வருஷத்து எண் போட்ட ஃபோல்டரை மட்டும் எடுத்துப் புதுசில் போட்டேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. அதோடு விட்டேனா? பழைய டப்பாவில் இருந்த இரண்டு டிஸ்க்கில் கெட்டதைக் கழற்றி எறிந்தேன். நல்ல டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, புதுசில் இருப்பதையே அதிலும் ஒரு காப்பி ஏற்றினேன். பேக்கப்! எவ்வளவு பொறுப்பான பிள்ளை!

அடுத்த வருஷத்து ஃபோல்டரா என்று கேட்கிறீர்களா? காலண்டர் வீட்டில் பிறந்திருந்தால் கேட்க மாட்டீர்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால், அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் 'இந்த வருசம்'. ஊர் உலகமெல்லாம் வாழ்ந்துகொண்டிருக்கிற வருஷம் எங்களுக்குப் 'போன வருசம்'. ஆவணியில் ஒருவர் வந்து கார்த்திகை தீபம் என்ன கிழமை என்று கேட்டார். அண்ணன் யோசிக்காமல் அடுத்த வருஷத்துக் கிழமையைச் சொல்லி அனுப்பினான்.

மதினி வந்தது மானாவாரி வெள்ளாமை செய்கிற வீட்டிலிருந்து. நடக்கிற வருஷத்தைப் போன வருஷம் என்று சொல்ல அவருக்கு இன்னும் பழகவில்லை. ஒரே வார்த்தையை இரண்டு பேர் சொன்னார்கள். எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மதியம் மதினி மாடிக்கு வந்தார். "தம்பி, 'வீடு'ன்னு தொறந்தா ஒங்க அண்ணன் ஆதார் கார்டு மட்டும் இருக்கு. அவுக மூஞ்சியக் காட்டுனா எனக்கு எவன் வேலை குடுப்பான்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

போனில் இருக்குமே என்கிறீர்களா? இல்லை. 'எதுக்கு மதினி போன்ல அடைச்சு வச்சிருக்கீங்க, டப்பால பத்திரமா இருக்கும்' என்று, ஏறிய படங்களைப் போனிலிருந்து அழித்துவிடுகிற மாதிரி செட்டிங் போட்டுக் கொடுத்ததும் அடியேன்தான். டேட்டா மீட்டுத் தருகிற கடைக்குப் போன் செய்தேன். "ஃபார்மேட் மட்டுந்தானா, மேல ஏதும் எழுதிட்டீங்களா சார்?" என்றார். எழுதிவிட்டேன். அப்படியானால் தேறாது என்று வைத்துவிட்டார். கழற்றி எறிந்த டிஸ்க்கையும் தேடிப் போனேன். குப்பை வண்டி வந்து போயிருந்தது.

'பத்திரமாக இருக்கும்' என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அப்படிச் சொன்னால், இனிமேல் நீங்கள் கவலைப்பட வேண்டாம், உங்களுக்கும் சேர்த்து நான் படுகிறேன் என்றுதானே அர்த்தம்? நான் பட்டேனா? வேகத்தைப் பற்றித்தான் பட்டேன்.

மதினி திட்டவில்லை. கீழே போய் ஒவ்வொரு கல்யாண வீட்டுக்கும் போன் போட்டார். "அக்கா, ஒங்க மக கல்யாண போட்டோல பிளவுஸ் தெரியுற மாதிரி ஒண்ணு அனுப்புவீகளா?" பாவம், எல்லோரும் அனுப்பினார்கள். படம் படமாக வந்தது. ஆனால் ஆரி வேலையில் பெரிய வேலை எல்லாம் முதுகில்தான். மணப்பெண்ணின் முதுகில் சடை, சடை மேல் பூ, கழுத்திலிருந்து மாலை. எந்தப் படத்தைப் பெரிதாக்கினாலும் மல்லிகைப்பூ. கடைசியில் தேறியவை பிளவுஸ் கைகள் மட்டும்தான்.

திங்கட்கிழமை அந்தக் கைகளை எடுத்துக்கொண்டு மதினி மதுரைக்குப் பஸ் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "என்ன சொன்னாங்க மதினி?"

"கை நல்லாருக்குன்னாக தம்பி. முதுகு எங்கனன்னு கேட்டாக."

அங்கே பதில் சொல்ல வேண்டியவன் இங்கே வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.