அரித்தால் ஆறுகிறது என்றார்கள்

எலிக்கு வைத்தியம் பார்க்க விருதுநகருக்கு பஸ் ஏறியவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அது எலி இல்லை, கினிப்பன்றி என்று யாரிடம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. "எலிக்கு ஆஸ்பத்திரியாம்ல! இங்கன மனுசனுக்கே பாக்க நாதியில்ல" என்று பக்கத்து வீட்டு மதினி சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரருக்கு மிச்சமிருந்த பேச்செல்லாம் அந்த வயர்கூடைக்குள் கிடந்த ஜீவனோடுதான் இருந்தது. அது போனால் பேச்சும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவர். அங்கே ஓர் அறை வெடித்தபோது பக்கத்து அறையிலிருந்து ஓடித் தப்பியவர்களில் இவரும் ஒருத்தர். உயிர் தப்பியது, இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோனது. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். எரிச்சல் அடங்கியதும் அரிப்பு ஆரம்பித்தது. ஆம்பிளை என்றும் பார்க்காமல் அழுவார். வார்டில் இருந்த நர்ஸம்மா சொன்னாள்: "அரிச்சா நல்லதுண்ணே. ஆறுதுன்னு அர்த்தம்." அந்த வார்டில் அத்தனை கட்டிலுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் ஆறுதல்.

எங்கள் பக்கம் தீக்காயம் பார்க்காத தெரு கிடையாது. அதனால் நலம் விசாரிக்கிற முறையே வேறு. வீட்டுக்கு வருகிறவர்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "அரிக்குதாண்ணே?" என்பார்கள். இவர் "அரிக்குது" என்றால் அவர்கள் முகத்தில் வெளிச்சம் வரும். "அப்ப சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். வருசக்கணக்காக இவர் அரித்துக்கொண்டே ஆறிக்கொண்டிருந்தார்.

ஆனால் வாய் மூடிப்போனது. கேட்டதற்குப் பதில், அதுவும் பாதி. என் பொறுமையும் ஒன்றும் பூமாதேவி பொறுமை இல்லை. சில நாள் சட்டியைப் போட்டு உடைத்திருக்கிறேன். அப்போதுதான் மதுரையில் இருக்கிற என் தம்பி இரண்டு கினிப்பன்றிகளைக் கொண்டுவந்தான், ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. "இருக்குற சீரழிவு போதாதுன்னு இது வேறயாலே" என்று அவனைத் திட்டினேன்.

தம்ளர் பிடிக்க வராத கை, அந்தப் பழுப்புக் குட்டியைப் பிடித்தது. அதுவும் என்ன கண்டதோ, இவர் காலடி கேட்டாலே வீக் வீக்கென்று கத்தும். அதை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பக்கத்து இருக்கையில் வேலை பார்த்து அந்த வெடியில் செத்துப்போன சேக்காளியைப் பற்றி, அன்றைக்கு அவன் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பற்றி, என்னிடம் ஒரு நாளும் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொன்னார். நான் அடுப்படியில் பாத்திரம் விளக்குகிற மாதிரி நின்று கேட்பேன். கழுவின சட்டியையே திரும்பக் கழுவுவேன். எலிக்குக் கிடைத்த பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. இருந்தாலும் வீட்டில் ஒரு குரல் கேட்டதே, அது போதும்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போகிறேன். அங்கே மிஞ்சுகிற காகிதத் துண்டுகளைப் பையில் அள்ளி வந்து கூண்டில் விரிப்பேன். காலண்டர் சீசன் வந்துவிட்டால் வீட்டில் யார் நிற்கிறார்கள், யார் கிடக்கிறார்கள் என்று பார்க்க நேரம் இருக்காது. அந்தச் சீசனில்தான் பழுப்பு சொறிய ஆரம்பித்தது. முதுகில் கூண்டுக் கம்பி கீறின சின்னக் காயம் ஒன்று இருந்தது. "என்னங்க, இப்படிச் சொறியுது?" என்றேன்.

"சொறியட்டும். காயம் ஆறுது" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த வீட்டில் அரிப்பு என்றால் வேறென்ன அர்த்தம்? முதுகில் முடி கொட்டியது. தோல் தடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "ஒட்டுன தோலும் மொதல்ல இப்படித்தான் உதிந்துச்சு" என்றார். எட்டிப் பார்த்த மதினிகூட, "அரிக்குதா? அப்ப நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அரிப்பு விசயத்தில் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே.

ஒரு நாள் காலையில் அது சொறிந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சாய்ந்து, காலை இழுத்து இழுத்துத் துடித்தது. அப்புறம்தான் கூடையைத் தூக்கினேன். தீக்காய வார்டிலிருந்து வந்த பிறகு பஸ் ஏறாத மனுசன், முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றார். துணைக்கு இருக்கட்டும் என்று வெள்ளையையும் எடுத்துக்கொண்டோம்.

கால்நடை ஆஸ்பத்திரியில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா சின்ன வயசு. முடியை விலக்கிப் பார்த்தவள், "இது சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே போகும். வலி தாங்காமத்தான் இழுப்பு வருது. ரொம்ப நாளா சொறிஞ்சிருக்குமே, ஏன் முன்னாடியே கொண்டுவரல?" என்று கேட்டாள்.

"அரிச்சா ஆறுதுன்னுல்ல நெனச்சோம், டாக்டரம்மா" என்றார் இவர்.

"யார் சார் அப்படிச் சொன்னது?"

இவர் சட்டைக்கையை மேலே ஒதுக்கிக் காட்டினார். அந்த டாக்டர்ப் பிள்ளை பார்த்தது. "அது வேற சார், இது வேற" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வெள்ளைக்கும் சொறி தொத்தி முடி உதிர ஆரம்பித்திருந்ததால் இரண்டுக்கும் ஊசி போட்டது. பழுப்பு தேறுவது கஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னது.

திரும்பி வருகையில் பஸ் திருத்தங்கல் தாண்டும்போது அவர் கூடைக்குள் விட்டிருந்த கையை வெளியே எடுத்தார். பழுப்பு போய்விட்டது என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை சீரழிவுக்கும் சிந்தாத கண்ணீரை ஒரு பன்றிக்குட்டிக்காக அந்த பஸ்ஸில் சிந்தினேன்.

வீட்டுக்குப் பின்னால் கருவேல மரத்தடியில் நான்தான் குழி தோண்டினேன். அவர் கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது. அன்றோடு பேச்சு நின்றது. வெள்ளையைத் திரும்பவும் ஊசிக்குக் கொண்டுபோனது நான் மட்டும்தான். அவர் அதைத் தொடவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். விரலை மடக்கி நீட்டச் சொல்லிக் கொடுத்த பயிற்சியும் போச்சு. சோற்றைப் பிசைந்து நான் ஊட்டினால் உண்டு. எதற்காக இந்த உடம்பைக் கட்டி இழுக்கிறோம் என்று அவருக்கும் தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது.

வெள்ளை பிழைத்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை வெளியில் விட்டு அருகம்புல்லைப் போட்டேன். கட்டிலில் இருந்தவர் திரும்பி, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இப்பச் சொறியலயே."

எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்ட குரல். நான் அவசரமாக, "இல்லங்க, நின்னுருச்சு. முடிகூட மொளைச்சிருச்சு பாருங்க" என்றேன்.

"அரிப்பு நின்ன பெறகுதான ஆறியிருக்கு."

எனக்கு அப்போதுதான் புரிந்தது, பேச்சு எங்கே போகிறது என்று. அவர் முழங்கையைக் கட்டில் சட்டத்தில் தேய்த்தார்.

"எனக்கு இன்னும் நிக்கலயே" என்றார்.

தெருவுக்கே பதில் சொல்லுகிற வாய் எனக்கு. பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அந்தக் கையில் சுற்றிவிட்டேன். ஆறுது என்று சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.